மிக்சிங்ல பாத்துக்கலாம்

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘முறையான பயிற்சியின்றி, குறைந்த செலவில் திரைப்படம் எடுத்தல்.’ ஏதோ பயிற்சி வேண்டாம், செலவு வேண்டாம் என்று நாங்கள் கொள்கை முடிவு எடுத்துப் படம் எடுத்தது போல அந்தத் தலைப்பு இருந்தது. இரண்டுமே கிடைக்கவில்லை, அதனால் இல்லை. கூழுக்கு வழியில்லாதவனைப் பார்த்து உபவாசம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரிதான்.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “மேம், கன்டின்யூட்டி எப்படி மெயின்டெய்ன் பண்ணீங்க?” என்று கேட்டாள். பல நாட்களில் எடுத்த ஒரு காட்சி ஒரே நாளில் எடுத்தது போலத் தெரிய வேண்டும், அதற்குப் பெயர்தான் கன்டின்யூட்டி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பேராசிரியர் அதைத் தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார். அந்தப் பெண்ணுக்கு அங்கே சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் திருவிடைமருதூர் கடைத்தெருவில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு, கல்யாண ஆல்பத்தில் பெயர் எழுதுகிற வேலைக்குப் போனேன். ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அதுதான் என் திரைப்படக் கல்லூரி. முதல் வருடம் கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் முகத்தை வெட்டி ஓர் ஆப்பிள் படத்துக்குள் வைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் உட்கார்ந்திருந்த காட்சியை நீளம் கருதி வெட்டப்போய், பெரியப்பா வீட்டார் மூன்று பேர் கடைக்கு வந்து நியாயம் கேட்டார்கள். யாரை வெட்டினால் யார் சண்டைக்கு வருவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேன். எடிட்டிங்கில் இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்காது.

நாங்கள் யாரும் எடிட்டிங் என்று சொன்னதில்லை. எங்களுக்கு அது ‘மிக்சிங்’.

ஸ்டூடியோ முதலாளி பக்கிரிசாமி அண்ணன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஏதாவது கெட்டுப்போனால் கேமராவின் லென்ஸ் மூடியை எடுப்பார், வாயால் ஊதுவார், கைக்குட்டையால் துடைப்பார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு சொல்வார்: “மிக்சிங்ல பாத்துக்கலாம்.” தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாரா, மிக்சிங்ல பாத்துக்கலாம். ஊர்வலத்தில் மழை பிடித்துக்கொண்டதா, மிக்சிங்ல பாத்துக்கலாம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் வரவே இல்லை. அதற்கும் அதையேதான் சொன்னார். அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால், மிக்சிங் என்பது ஏதோ பெரிய ஆஸ்பத்திரி, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன் எல்லாம் நான்தான்.

ஆடி மாதத்தில் எங்களுக்கு வேலை கிடையாது. ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கேமராவும் லைட்டும் நாங்களும் சும்மா கிடப்போம். அப்படிக் கிடந்த ஓர் ஆடியில் அண்ணன் திடீரென்று, “படம் எடுப்போம்” என்றார். மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒருவன் வயல்காரர் மகளைக் காதலிக்கிறான் என்பது கதை. ஆடியில் கொஞ்சம், புரட்டாசியில் கொஞ்சம் என்று முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எடுத்துவிடலாம் என்று திட்டம்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “அரசி, படத்தொகுப்பு தமிழரசின்னு போடுறோம். தனி கார்டு. ஸ்க்ரீன்ல உம் பேரு மட்டும்தான் நிக்கும்.”

இதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கார்டுக்கு நான் ரொம்ப ஆசைப்பட்டேன். அதற்குள் எத்தனையோ கல்யாணங்களை முடித்துக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றின் கடைசியிலும் ஸ்டூடியோ பெயரும் ‘நன்றி வணக்கம்’ என்பதும்தான் வரும். நான் கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன் என்றுதான் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் என் பெயர் வந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

படத்தின் உயிரே ஒரு காட்சிதான் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். கதாநாயகி வருவதும் அந்த ஒரு காட்சியில்தான்; மற்றவற்றை அந்த ஆடியிலேயே எடுத்துவிட்டோம். வயல் வரப்பில் அவன் அவளிடம் சம்மதமா என்று கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலைப் பார்த்தோம். குறுவை நெல் நட்டுப் பத்து நாள் இருக்கும். தண்ணீரில் நாற்று ஒரு சாண் உயரத்தில் பச்சையாக நின்றது. கதாநாயகன் ரபீக், கூத்தாநல்லூரில் செல்போன் கடை வைத்திருந்த பையன், பார்க்க லட்சணமாக இருப்பான். கதாநாயகி இன்னும் கிடைக்கவில்லை.

“அதனால என்ன? அவன் பக்கத்த இப்ப எடுத்துருவோம். பொண்ணு கெடச்சதும் அது பக்கத்த எடுத்து ஒட்டிக்கலாம்” என்றார் அண்ணன்.

ரபீக் யாரைப் பார்த்துப் பேசுவது? ஒரு மூங்கில் கழியை வரப்பில் நட்டோம். பெண்ணின் உயரம் தெரியாததால் உத்தேசமாக ஐந்தடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். அன்று அண்ணன் கன்டின்யூட்டி பார்த்த அழகை அந்தக் கல்லூரிப் பெண் பார்த்திருக்க வேண்டும். அந்த வார்த்தையே அவருக்குத் தெரியாது, ஆனால் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். நீலச் சட்டை, இடது கை இரண்டு மடிப்பு, வலது கை மூன்று மடிப்பு. துண்டு வலது தோளில். காலை ஒன்பதரை மணி, நிழல் மேற்கே. கேமரா வைத்த இடம் மதகிலிருந்து பதினோரு எட்டு. முடிந்ததும் சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ‘படம்’ என்று எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ரபீக் கழியைப் பார்த்து வசனம் பேசினான்: “நீ இன்னைக்கே பதில் சொல்ல வேணாம். எத்தன நாளானாலும் நான் இங்கயேதான் நிப்பேன்.” அவன் உருகி உருகிப் பேசியதைப் பார்த்த வயல்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, “தம்பிக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார்.

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் வந்து விழுந்தன. படத்தை மறந்துவிட்டோம். ரபீக்குக்கு சிங்கப்பூர் விசா வந்து, அவன் விமானம் ஏறிவிட்டான். அவனுக்கு மனக்குறை எதுவும் இல்லை, அவன் பக்கம்தான் முடிந்துவிட்டதே. அந்த ஆவணிக் கல்யாணம் ஒன்றின் கேசட்டில்தான் நான் தேன்மொழியைக் கண்டுபிடித்தேன். மணப்பெண்ணின் தோழி, டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே லைட் அடித்த எங்கள் கேமராமேன் சேகரை அவள் ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பா நன்னிலம் பக்கம் விவசாயி. “ஆம்பளப் பய எவன் பக்கத்துலயும் எம் பொண்ணு நிக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா கூட்டிட்டுப் போங்க” என்றார். காதல் படத்துக்கு அப்படி ஒரு நிபந்தனை. கதாநாயகன் சிங்கப்பூரில் இருந்ததால் நாங்கள் தயங்காமல் சத்தியம் செய்து கொடுத்தோம்.

புரட்டாசி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தேன்மொழியையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அதே வயலுக்குப் போனோம். அண்ணன் பீரோவிலிருந்து நீலச் சட்டையை எடுத்து வந்து, மடிப்பு மாறாமல் அதே கழியில் மாட்டினார். அவள் யாரையாவது பார்த்துப் பேச வேண்டுமே. ஆக, இரண்டு பேரும் ஒரே கழியைத்தான் காதலித்தார்கள். மதகிலிருந்து பதினோரு எட்டு எண்ணிக் கேமராவை வைத்தார். ஒன்பதரை ஆக ஐந்து நிமிடம் காத்திருந்தார். நோட்டைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

சேகர் கேமராவை ஓட விட்டு, அதில் கண்ணை வைத்தான். கண்ணை எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“அண்ணே... பயிரு...”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்கு, கதிர் தலை சாய்ந்து, வயல் முழுக்கப் பழுத்துக் கிடந்தது.

வேனில் போன அத்தனை பேரும் டெல்டாக்காரர்கள். சேகர் வீட்டில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் இருக்கிறது. அண்ணன் சாகுபடிக் குடும்பம். என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்றுப் பறித்தவர்கள், பள்ளிக்கூட லீவில் நானே நட்டிருக்கிறேன். சட்டைக் கையின் மடிப்பு வரைக்கும் யோசித்த எங்களில் ஒருத்தருக்குக்கூட நெல் வளரும் என்பது தோன்றவில்லை. வெளியூர்க்காரன் படம் எடுத்திருந்தால் யாரையாவது விசாரித்திருப்பான். நாங்கள் யாரை விசாரிப்பது? எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

“வர்ற வியாழக்கெழம அறுப்பு மிஷின் வருதுங்க. அதுக்குள்ள முடிச்சிருவீங்கல்ல?” என்று வயல்காரர் கேட்டார்.

அண்ணன் லென்ஸ் மூடியை எடுத்தார். ஊதினார். துடைத்தார். பையில் போட்டார்.

“மிக்சிங்ல பாத்துக்கலாம்” என்றார்.

அவர் தள்ளிப் போய் வயல்காரரிடம் அறுப்பை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று பேச ஆரம்பித்தார். தள்ளிப் போட்டால் பயிர் மறுபடி பச்சையாகும் என்று நினைத்தாரோ என்னவோ. சேகர் கேமராவை நிறுத்த மறந்துவிட்டான். அது ஓடிக்கொண்டே இருந்தது. தேன்மொழி குனிந்து ஒரு கதிரை உருவினாள், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தாள், அண்ணன் இருந்த பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“கதிரு முத்திருச்சு சார். இதுக்கு மேல நிக்காது, கொட்டிப் போயிரும். ஆளக் கூப்புடுங்க.”

பிறகு அண்ணன் எழுதிய வசனத்தை, ‘என் விழிகளில் உன் விடை இருக்கிறது’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிப்பது போல வாசித்து முடித்தாள். திரும்பி வந்தோம்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. முகூர்த்தம் தொடங்கிவிட்டால் கம்ப்யூட்டர் கல்யாணங்களுக்குப் போய்விடும். “அதுக்குள்ள இந்த சீன் ஒட்டலேன்னா படத்த மூட்ட கட்டிருவோம் அரசி, என்ன பண்றது” என்றார் அண்ணன். மூட்டையோடு என் கார்டும் போகும். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

ஒட்டிப் பார்த்தேன். ரபீக் கேட்கிறான், முழங்காலுக்குக் கீழே பச்சை. அவள் பதில் சொல்கிறாள், இடுப்பு வரை மஞ்சள். நிறத்தை மாற்றிப் பார்த்தேன். நெல்லைப் பச்சையாக்கினால் தேன்மொழியின் முகமும் பச்சையானது. நாற்றை மஞ்சளாக்கினால் ரபீக்குக்குக் காமாலை வந்தது. நிறத்தையாவது மாற்றலாம், உயரத்தை என்ன செய்வது? கல்யாணப் பாட்டுக்கு வைத்திருந்த பின்னணிப் படங்களில் ஒன்றை எடுத்து, வயலை மறைத்துப் பனிமலையை வைத்தேன். வேடிக்கைக்குத்தான் செய்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கே” என்றார்.

“நன்னிலத்துல ஏதுண்ணே மல?”

“கனவுக் காட்சின்னு வச்சிக்கலாம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலையைத் தூக்கிவிட்டேன்.

ஆறாம் நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. புழுக்கத்தில் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு, வேறு வேலை இல்லாமல் வசன நோட்டைப் புரட்டினேன். ‘எத்தன நாளானாலும் நான் இங்கயேதான் நிப்பேன்.’ இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. நிற்கிறேன் என்று அவனே சொல்கிறான், நிற்கட்டுமே. மூன்று மாதத்தை எதற்காக ஒளித்து வைக்க வேண்டும்? பெண்பிள்ளை ஒருத்தி யோசித்துப் பதில் சொல்ல ஒரு குறுவை போகம் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? எனக்கெல்லாம் ஒரு காபி ஆறுகிற நேரம்கூடத் தரவில்லை.

கரண்ட் வந்ததும் ஆவணிக் கல்யாணக் கேசட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். பாட்டுக்கு நடுவில் போட என்று, போகிற வழியில் எல்லாம் சேகர் வயலைப் பிடித்து வைப்பான். ஒரு கல்யாணத்தில் பயிர் முழங்கால் உயரம். அடுத்ததில் தூர் கட்டி வரப்பை மூடியிருந்தது. இன்னொன்றில் கதிர் வெளியே வந்து பூத்திருந்தது. அதில் ஓரமாக மாப்பிள்ளை காரின் ரிப்பன் தெரிந்தது, அந்த இடம் வரைக்கும் வெட்டினேன். நடுநடுவே ரபீக்கை வைத்தேன். நடித்த ரபீக்கை அல்ல. அண்ணன் ‘ரெடி’ சொல்வதற்காகக் காத்துக்கொண்டு, கால் மாற்றி நின்று, துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தானே, அந்த ரபீக்கை. கல்யாண வீடியோவில் ஒரு வயல் இரண்டு விநாடிக்கு மேல் நிற்காது, அதற்குள் ரோஜா இதழ் கொட்டிவிடும். இதில் ஒவ்வொன்றையும் நான் ஆறு மூச்சு விட்டு எண்ணும் வரைக்கும் நிறுத்தினேன். இதழ் இல்லை, ஆப்பிள் இல்லை, பாட்டு இல்லை. தவளைச் சத்தமும் மோட்டார் சத்தமும்தான். கடைசியில் தேன்மொழி கதிரை உருவிக் கடித்துப் பார்க்கிறாள். ‘சார்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டினேன். ஒன்றரைப் பக்க விழிகளைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அவனுக்கு அவள் பதில் இதுதான்:

“கதிரு முத்திருச்சு. இதுக்கு மேல நிக்காது, கொட்டிப் போயிரும். ஆளக் கூப்புடுங்க.”

அண்ணன் நின்றுகொண்டே பார்த்தார். “திரும்பப் போடு” என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, அங்கே மூடி இல்லை.

“நான் மனசுல நெனச்சிருந்தது இதான் அரசி” என்றார்.

மறுநாள் காலை டைட்டிலுக்கு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கதை: பக்கிரிசாமி. திரைக்கதை: பக்கிரிசாமி. வசனம்: பக்கிரிசாமி. இயக்கம்: பக்கிரிசாமி. படத்தொகுப்பு: பக்கிரிசாமி. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“அண்ணே, படத்தொகுப்பு...”

“அது வந்தும்மா, ஒரே ஆளு அஞ்சு வேல பாத்தாருன்னு இருந்தாத்தான் மெட்ராஸ்ல மதிப்பாங்களாம். அடுத்த படத்துல ஒனக்குத் தனி கார்டு. பாத்துக்கலாம்.”

எனக்கு வந்த கோபத்தில் அவரை வெட்டி ஆப்பிளுக்குள் வைத்திருப்பேன். தாளில் இருந்தபடி, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், அவர் பெயரை ஐந்து தடவை டைப் அடித்தேன். அதற்குக் கீழே என் வேலையையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு காலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் படம் போட்டோம். வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோ ஆட்களும் அவர்கள் வீட்டாரும்தான். கூத்தாநல்லூரிலிருந்து ரபீக்கின் அம்மா வந்திருந்தார். தேன்மொழி அப்பாவோடு முதல் வரிசையில் இருந்தாள். வயல் காட்சி வந்தது. நாற்று வளர்ந்தது, தூர் கட்டியது, ரபீக் கால் மாற்றி நின்றான். பின்னால் இருந்து ஓர் அம்மாள் குரல் வந்தது: “நிக்கட்டும், நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்.” பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. தேன்மொழி கதிரைக் கடித்து ஆளைக் கூப்பிடச் சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமானது. ரபீக்கின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்து கார்டுகள் ஓடின. அண்ணன் பெயர் ஐந்து தடவை வந்தது. அவர் எழுந்து கும்பிடத் தயாரானார். அப்போது இன்னொரு கார்டு வந்தது. கறுப்புத் திரையில், நடுவில், தனியாக.

‘பாத்துக்கிட்டது: தமிழரசி.’

முதலில் சேகர்தான் சிரித்தான். பிறகு லைட் பிடிக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், ஆல்பம் ஒட்டுகிற பெண்கள் என்று, அந்த ஒரு சொல்லை வருடக்கணக்காகக் கேட்டுப் பழகியவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மற்றவர்களும் என்னவென்று புரியாமல் சேர்ந்து தட்டினார்கள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அந்தக் கார்டை எடுக்க அவர் சொல்லவில்லை. தீபாவளிக்கு உள்ளூர் கேபிளில் போட்டபோதும் அது அப்படியேதான் ஓடியது. சிடி போய்ச் சேர்ந்ததும் சிங்கப்பூரிலிருந்து ரபீக் போன் செய்தான். “அக்கா, நான் எப்பக்கா அங்க அவ்ளோ நாள் நின்னேன்?” என்று கேட்டான்.

அதற்கப்புறம் அண்ணன் என் முன்னால் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னதில்லை. “மிக்சிங்ல...” என்று ஆரம்பிப்பார், என்னைப் பார்ப்பார், லென்ஸ் மூடியை இன்னும் கொஞ்ச நேரம் துடைப்பார். அடுத்த ஆடியில் இரண்டாவது படம் தொடங்கும்போது, ஒரு காட்சிகூட எடுப்பதற்கு முன்னாலேயே, டைட்டில் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டார். அதே முத்து முத்தான கையெழுத்து. அவர் பெயர் நான்கு இடத்தில்தான் இருந்தது. ஐந்தாவது வரியில் எழுதியிருந்தார்: ‘பாத்துக்கிட்டது: தமிழரசி. தனி கார்டு.’